பிரசாவுரிமை ஒரு பந்தயப் பரிசா?



2025 ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு செய்தியை உங்களிற் சிலர் வாசித்திருப்பீர்கள். அந்நாட்டுப் பிரசாவுரிமையை நாடிநிற்கும் பன்னிரண்டு பேரை ரயிலில் ஏற்றி, ஊருக்கொரு போட்டி வைத்து, வென்றவருக்குப் பாராளுமன்றப் படிகளில் பிரசாவுரிமைச் சத்தியம் செய்துவைக்கும் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கான யோசனை அது. உள்நாட்டுப் பாதுகாப்புத் திணைக்களம் அதைத் தூக்கியெறியவில்லை. பரிசீலிப்பதாகவே அதன் பேச்சாளர் கூறினார். இது முதன்முறையுமன்று. 2004 இல் லொஸ் ஏஞ்சல்ஸ் ஸ்பானிய மொழித் தொலைக்காட்சி ஒன்று, குடிவந்தோரைப் புழுக்களைத் தின்னச் செய்தும், ஓடும் லொறிகளுக்கிடையே பாயச் செய்தும் போட்டி நடத்தியது. பரிசு, வதிவிட அனுமதி பெறுவதற்குச் சட்டத்தரணிகளின் ஒரு வருட உதவி. அனுமதியன்று, உதவி மட்டுமே!

"ஒருவராவது கரையேறுகிறாரே, இதில் என்ன கேடு?" என்று நீங்கள் கேட்கலாம். புனித சின்னப்பரிடம் போவோம்.

யெருசலேமில் கசையடிக்காக அவரைக் கட்டியபோது, விசாரணையின்றி உரோமைக் குடிமகனை அடிப்பது முறையோ என்று அவர் கேட்டார். அவ்வளவுதான், அடிக்க வந்தவர்கள் விலகினார்கள். தான் பெருந்தொகை கொடுத்து வாங்கிய உரிமை இக்கைதிக்குப் பிறப்பிலேயே இருப்பதை அறிந்த ஆயிரத்தவர் தலைவனும் அஞ்சினான்.

கி.பி. 177 இல் லியோன்ஸ் நகரக் கிறிஸ்தவர்கள் பிடிபட்டபோது, உரோமைக் குடிமக்களின் தலையை வாளால் வெட்டிய தேசாதிபதி, மற்றவர்களை அரங்கிலே விலங்குகளுக்குக் கொடுத்தான். இரண்டும் சாவுதான். ஆனால் ஒன்று தண்டனை, மற்றது வேடிக்கை. பிரசாவுரிமை இல்லாதவனே கூட்டத்தின் களிப்புக்கு உரியவன் என்பது உரோமையின் கணக்கு. ஊரார் கண்ணுக்கு வேடிக்கைப் பொருளாகாமல் ஒருவனைக் காத்த அந்த உரிமையை, இன்று வேடிக்கைப் பொருளானால்தான் தருவோம் என்கிறார்கள்.

நிகழ்ச்சியை யோசித்த தயாரிப்பாளரும் கனடாவிலிருந்து குடிபெயர்ந்தவரே. தோற்பவர்களுக்குத் தண்டனையில்லை என்றும் அவர் சொன்னார். அவரது நல்லெண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. போட்டியாளர்கள் சம்மதித்தே வருவார்கள் என்பதும் மெய்தான். ஏசாவும் சம்மதித்தே ஒரு கிண்ணம் பயற்றங்கூழுக்குத் தன் தலைமகனுரிமையை விற்றான். பசித்தவன் தலையாட்டியதைக் காட்டி யாக்கோபின் வியாபாரத்தை நாம் நியாயப்படுத்துவதில்லை. மேலும், கந்தோரில் மறுக்கப்பட்டவன் காரணம் கேட்கலாம், மேன்முறையீடு செய்யலாம். கைதட்ட மறந்த கூட்டத்திடம் எவன் மேன்முறையீடு செய்வான்?

எமது மலையக மக்களை நினைத்துப் பாருங்கள். 1948 ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம், தகப்பனும் இங்கே பிறந்தானென்று காட்டு என்றது. பிறப்புப் பத்திரமே கண்டிராத லயங்களில் யார் எதைக் காட்டுவது? 1964 இல் இரு பிரதமர்கள் கூடி, 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று, அவர்களைக் கேளாமலே பங்கிட்டார்கள். எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலை தீர 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை செல்லவேண்டியிருந்தது. கொடுமைதான். ஆயினும் அந்நாட்களில் ஒருவர் வந்து, "தோட்டத்துக்கொரு குடும்பம் மேடையேறட்டும், நன்றாய்ப் பாடுகிற குடும்பத்துக்குப் பிரசாவுரிமை" என்று அறிவித்து, அதை வானொலியிலும் ஒலிபரப்பியிருந்தால்? எங்கள் வீடுகளில் அதைக் கேட்டு ரசித்திருப்போமா? ரசித்திருக்க மாட்டோம் என்று உறுதியாய்ச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தொலைபேசியில் வரும் படங்களை, கடலிலே தத்தளிக்கும் படகுகள் உட்பட, நாம் ஒருவருக்கொருவர் அனுப்பும் வேகத்தைப் பார்க்கிறேன்.

லியோன்ஸில் அத்தாலுஸ் என்று ஒருவர் இருந்தார். அவர் உரோமைக் குடிமகன். சட்டப்படி வாளுக்கு உரியவர். ஆனால் கூட்டம் அவரைக் கேட்டுக் கூச்சலிட்டது. கூட்டத்தைத் திருப்திப்படுத்துவதற்காகத் தேசாதிபதி அவரையும் அரங்கினுள்ளே அனுப்பினான்.