தி.நகர்த் தெருவும் ஓ.எம்.ஆர். சந்தும்

நகரம் எவ்வளவு பரந்துவிட்டது என்று பார்க்க எல்லோரும் வரைபடத்தின் ஓரத்தில்தான் விரல் வைக்கிறார்கள். அதைவிடச் சந்திப்புகளை எண்ணிப் பார்ப்பது பயன் தரும். நாற்சந்தியில் நான்கு வழி, முச்சந்தியில் மூன்று, முட்டுச்சந்தின் முனையில் ஒன்றே ஒன்று. ஒரு வட்டாரம் முழுவதற்கும் இதன் சராசரியை எடுத்தால், தெருக்கள் எவ்வளவு கோத்துக் கிடக்கின்றன என்பது தெரியும். சராசரி இறங்க இறங்க, பின்வீட்டுக்குப் போகவும் வண்டியை எடுக்க வேண்டியிருக்கும்.

இந்தச் சராசரியின் இரண்டு எல்லைகளும் சென்னையில் உண்டு. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்தப் பத்தாண்டில் மாம்பலம் பக்கத்து நீண்ட ஏரியின் படுகையில் தி.நகர் எழுந்தது. அரசு நிலத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டு முதலில் தெருக்களை வரைந்தது. வீடுகள் பிறகு வந்தன. பனகல் பூங்காவைச் சுற்றிச் சாலைகள் பிரிந்தன. தீபாவளி நெரிசலில் உஸ்மான் சாலை திணறினாலும், உள்ளூர் ஆட்டோக்காரர் ஏதாவதொரு தெருவில் நுழைந்து வேறொன்றில் வெளியே வந்துவிடுவார். (ஏரியைத் தூர்த்ததற்கு மழைக்காலத்தில் கொடுக்கும் விலை தனிக்கணக்கு.)

ஓ.எம்.ஆர். என்னும் பழைய மாமல்லபுரம் சாலையில் கதை வேறு. கிழக்கே பக்கிங்காம் கால்வாய், மேற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு, நடுவில் ஒரே நெடுஞ்சாலை. கால்வாயைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு (ஈ.சி.ஆர்.) போக, சோழிங்கநல்லூர்–அக்கரை, கேளம்பாக்கம்–கோவளம் என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சாலைகளே உள்ளன. இதற்கு இயற்கையைக் குறை சொல்லலாம். உட்புறச் சந்துகளுக்குச் சொல்ல முடியாது. பெருங்குடி, துரைப்பாக்கம், காரப்பாக்கம் என்று ஒவ்வோர் ஊரிலும் வயல்கள் தனித்தனியாகக் கைமாறின, மனைப்பிரிவுகளுக்கும் தனித்தனியாக அனுமதி கிடைத்தது. புல எண் முடிந்த இடத்தில் தெருவும் முடிந்தது. மனை விற்பவருக்குச் சாலை என்பது காசாகாத நிலம்; அடுத்தவர் மனைக்கு வழிவிட அவருக்கென்ன தலையெழுத்து? பிறகு காவலாளியும் வாயிற்கதவும் வைத்த குடியிருப்புகள் வந்தன. ஒரே மதிலுக்கு இருபுறமும் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்க்க நெடுஞ்சாலைக்குப் போய்த் திரும்ப வேண்டும். பால் பாக்கெட்டுக்குப் போகும் வண்டியும் கம்பெனிப் பேருந்தும் அங்கேதான் முட்டிக்கொள்கின்றன. ஆறு வழி போதவில்லை என்கிறோம். போதாதது உள்ளே இருக்கும் வழி.

இது எளிதில் திருந்தாது. தி.நகரின் தனி வீடுகள் துணிக்கடைகளாகிவிட்டன, தெருக்கோடுகள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. வீட்டை இடிக்க ஒருவர் சம்மதித்தால் போதும். தெருவை மாற்ற நூறு பட்டாதாரர்கள் வேண்டும்.

ஆனாலும் போக்கு திரும்பிய இடம் உண்டு. அமெரிக்காவின் நூறாண்டுத் தெருக்களை அளந்து 2015-இல் வெளியான ஆய்வொன்று, அங்கே புதுத் தெருக்களின் இணைப்பு 1990-களின் நடுவில் அடிமட்டம் தொட்டுப் பின் மெல்ல ஏறியதாகக் காட்டுகிறது. 2009-இல் வர்ஜீனியா மாநிலம், அக்கம்பக்கத்தோடு இணையாத புதுத் தெருக்களின் பராமரிப்பை ஏற்க மாட்டோம் என்று விதி போட்டது. பிறகு அதை ஓரளவு தளர்த்தியது. நம்மூரிலும் மனைப்பிரிவுச் சாலைகளை உள்ளாட்சிக்குத் தானப்பத்திரமாக எழுதிக் கொடுக்கும் நடைமுறை இருக்கிறது. ஒரு தெருவாவது பக்கத்துப் புல எண்ணின் எல்லை வரை போய்த் திறந்து நிற்க வேண்டும் என்று கறாராகக் கேட்க அதுவே தோதான நேரம்.