தோழனுக்குச் சிலை, தூதனுக்குச் சாபம்

கில்கமேஷ் காவியத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரண்டு இடங்களில் நின்றுவிடுகின்றனர். ஒன்று வெள்ளப் பிரளயம். மற்றது சாகாவரம் தேடிய பயணம். நினவேயில் கிடைத்த களிமண் பலகைகளில் வெள்ளக் கதை இருப்பதை 1872இல் ஜோர்ஜ் ஸ்மித் அறிவித்த நாளிலிருந்து இதுதான் வழக்கம். ஆனால், அந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு தோழனின் மரணம். அந்தத் தோழமை எத்தகையது? அதற்குள் யாருக்கு இடமிருந்தது, யாருக்கு இருக்கவில்லை?

என்கிடு வந்து சேருமுன்பே கில்கமேஷ் அவனைக் கனவில் காண்கிறான். முதற் கனவில் வானிலிருந்து ஒரு பாறை விழுகிறது. அடுத்த கனவில் உறூக் நகரத் தெருவிலே ஒரு கோடரி கிடக்கிறது. இரண்டையும் ஒரு மனைவியை நேசிப்பதுபோல் நேசித்ததாகத் தாய் நின்சுனிடம் கூறுகிறான். தாய் முகம் சுளிக்கவில்லை. உனக்கு நிகரான தோழன் ஒருவன் வருகிறான் என்றே கனவுக்குப் பொருள் சொல்கிறாள்.

இங்கே ஒரு சிலேடை ஒளிந்திருப்பதாக 1982இல் ஆன் கில்மர் எழுதினார். கோடரியைக் குறிக்கும் ‘ஹஸ்ஸின்னு’ என்ற அக்காடியச் சொல் ‘அஸின்னு’ என்பதை நினைவூட்டுகிறது. அஸின்னு என்போர் இஷ்தாரின் வழிபாட்டுப் பணியாளர்கள். ஆண் என்ற வரையறைக்குள் முழுதாக அடங்காதவர்களாகப் பழைய பிரதிகள் அவர்களைக் காட்டுகின்றன.

இருவரும் காதலர்களே என்று சிலர் முடிவுகட்டுகின்றனர். வெறும் நட்புத்தான் என்று வேறு சிலர் மறுக்கின்றனர். இரு தரப்பாரும் நமது காலத்துப் பெயர்ப் பலகையைத்தான் அங்கே கொண்டுபோய் மாட்டுகின்றனர். காவியமோ தோழன் என்கிறது, சகோதரன் என்கிறது, மனைவியைப் போல என்றும் சொல்கிறது. ஒரு சொல் மற்றொன்றை ரத்துச் செய்வதில்லை.

என்கிடு இறந்ததும் கில்கமேஷ் அவனது முகத்தை மணப்பெண்ணின் முகத்தைப்போல் மூடுகிறான். குட்டிகளைப் பறிகொடுத்த பெண்சிங்கமாய் அங்குமிங்கும் அலைகிறான். ஒப்பாரி வைக்கும் பெண்ணைப்போல் அழுகிறான். மூக்கிலிருந்து புழு விழும்வரை, ஆறு பகலும் ஏழு இரவும் அடக்கம் செய்ய விடவில்லை. ஹும்பாபாவைக் கொன்ற வீரனின் துயரத்தைச் சொல்ல ஆண்மையின் மொழி போதவில்லை. கவிஞன் பெண்ணிடம் கடன் வாங்குகிறான். இதனால் கில்கமேஷின் ஆண்மை குறைந்ததாகக் காவியத்தில் எவரும் சொல்லவுமில்லை.

பழைய சுமேரியக் கவிதைகளில் என்கிடு ஒரு பணியாள் மட்டுமே. பபிலோனியக் காவியம்தான் அவனை நிகரானவனாக உயர்த்தியது. குடிகளை வருத்திய அரசன் இன்னொருவனுக்காக அழக் கற்றுக்கொண்டது இந்தச் சமத்துவத்தினால்தான் எனலாம்.

எனினும் இந்தச் சமத்துவம் யாரைச் சென்றடைந்தது? காட்டு மனிதனான என்கிடுவை மனிதர்களிடம் அழைத்துவந்தவள் ஷம்ஹத் என்ற விலைமகள். மரணப் படுக்கையில் அவன் அவளைச் சபிக்கிறான்: சுவரின் நிழலே அவள் நிற்கும் இடமாகட்டும், குடிகாரர்கள் அவளது கன்னத்தில் அறையட்டும். உனக்கு உணவும் தோழனும் அவளால்தானே கிடைத்தன என்று சூரியதேவன் ஷமாஷ் கேட்ட பிறகே அவன் மனமிளகி வாழ்த்துகிறான்.

ஏறத்தாழ இதே சாபம் ‘இஷ்தாரின் பாதாளப் பயணம்’ என்ற பிரதியிலும் வருகிறது. இஷ்தார் பாதாளத்தில் அகப்பட்டு, உலகில் உயிர்கள் இணைவதே நின்றுபோகிறது. அவளை மீட்பதற்காக ஏயா என்ற தெய்வம் அசுஷுநமிர் என்றொரு அஸின்னுவைப் படைத்து அனுப்புகிறது. தூது வெல்கிறது; இஷ்தார் மீள்கிறாள். தூதுவருக்கோ நகரத்துச் சாக்கடையும் சுவரின் நிழலும் கன்னத்து அறையும் சாபமாகக் கிடைக்கின்றன. அங்கே எந்த ஷமாஷும் பரிந்து பேசவில்லை. சாபம் மீளப் பெறப்படவுமில்லை.

என்கிடுவுக்கு அரசன் சிலை எழுப்பினான். ஆணுக்கும் ஆணுக்கும் இடையிலான அன்பைக் கொண்டாடத் தயங்காத உலகம்தான், ஆண் பெண் என்ற வேலிக்கு நடுவே நின்றவரைத் தேவைக்கு அழைத்துப் பின் சுவரோரம் தள்ளியது.

கில்கமேஷ் தன் கனவைத் தாயிடம் சொல்லும் பகுதியைக் கொண்ட, சுமார் 3,500 ஆண்டுகள் பழைமையான ஒரு களிமண் பலகை சட்டவிரோதமாக அமெரிக்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, 2021இல் ஈராக்கிடம் மீள ஒப்படைக்கப்பட்டது. கனவு வீடு திரும்பிவிட்டது. சுவரோரத்தில் நிற்பவரை உள்ளே அழைப்பதற்கு நமக்கு இன்னும் எந்த ஷமாஷின் கேள்வி தேவைப்படுகிறது?