முட்டுக் கொடுத்தல்

விருத்தாசலத்திலிருந்து ஜயங்கொண்டம் போகிற சாலையில் ஆண்டிமடம் வருகிறது. செம்மண் பூமி, முந்திரித் தோப்புகள், இடையிடையே பலா. என் பெரியம்மா வாழ்க்கைப்பட்டுப் போன ஊர் அது. அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு பலாமரம் நிற்கிறது. அந்த மரத்துக்கு நான் ஒரு தீங்கு செய்தேன். நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டுதான் செய்தேன்; அதனால்தான் அதை எழுத வேண்டியிருக்கிறது.

2011ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் தேதி காலை 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பக்கத்தில் முந்திரியும் பலாவும் தோப்புத் தோப்பாக வேரோடு சாய்ந்தன. ஒருவன் நட்டு அவன் மகன் அனுபவிக்கிற மரங்கள் அவை. போனால் போன தலைமுறைதான். பத்து நாள் கழித்து நான் ஆண்டிமடம் போனபோது பெரியம்மா வீட்டுப் பலா நின்றுகொண்டிருந்தது. ஆனால் அதன் கவட்டில் விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு.

அந்த மரத்துக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு. ஆள் உயரத்துக்கு மேல் அது இரண்டாகப் பிரிந்து, இரண்டு கிளைகளும் ஒரே பருமனில், ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்காமல் நேரே மேல் நோக்கிப் போயிருந்தன. கிளை அகன்று விரிந்தால் அடிமரத்தோடு அதன் கட்டை பின்னிக்கொள்ளும். நெருங்கி நிமிர்ந்தாலோ இரண்டுக்கும் நடுவில் பட்டை சிக்கிக்கொள்கிறது. உள்ளே ஒட்டே இருப்பதில்லை. பருக்கப் பருக்க ஒன்றை ஒன்று தள்ளுகின்றன. பங்காளிகளைப் போல என்று சொல்லத் தோன்றுகிறது, ஆனால் என் தம்பிமார் இதைப் படிப்பார்கள்.

பெரியப்பா, மகன் பிறந்த வருஷம் வைத்த கன்று அது. அவர் போய்விட்டார். மரத்தின் கீழே பின்கட்டில் ஓடு வேய்ந்த அறை. அதில்தான் அந்த மகனின் பிள்ளைகள் படுக்கிறார்கள்.

"வெட்டிடலாம்ணே" என்றான் அவன். "நல்ல வைரம் பாய்ந்த கட்டை. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் ஆகும்னு வியாபாரி விலை பேசிட்டுப் போயிருக்கான்."

பெரியம்மா ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு நான் வழி சொன்னேன். இரும்புக் கம்பி வாங்கி வந்து, இரண்டு கிளைகளையும் சேர்த்து நாலு சுற்றுச் சுற்றி, கடப்பாறையால் முறுக்கி இறுக்கினோம். பிளவு வாய் மூடிக்கொண்டது. அன்று ராத்திரி பெரியம்மா எனக்குப் பாயசம் வைத்தாள்.

நாலைந்து வருஷத்தில் கம்பியே கண்ணில் படவில்லை. பட்டை வளர்ந்து அதை மூடிவிட்டது. "பாருங்கண்ணே, மரமே ஏத்துக்கிட்டது" என்று தம்பி காட்டியபோது எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

போன சித்திரையில் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கம்பி புதைந்த இடத்துக்கு மேலே மரம் கழலை மாதிரி வீங்கியிருந்தது, கீழே சூம்பியிருந்தது. ஒரு கிளையின் உச்சியில் இலை அடர்த்தி இல்லை; வானம் தெரிந்தது. இலை சமைக்கிற உணவு வேருக்கு இறங்குவது பட்டையை ஒட்டிய மெல்லிய அடுக்கு வழியாகத்தான். அந்த அடுக்கைச் சுற்றி நான் சுருக்குப் போட்டிருக்கிறேன். மரம் பருத்தது, சுருக்கு பருக்கவில்லை. ஏற்றுக்கொண்டது என்று நாங்கள் மகிழ்ந்தது, கழுத்தை நெரிக்கிற கயிற்றைச் சதை மூடியதைப் பார்த்து.

மர வைத்தியம் தெரிந்தவர்கள் இந்த வேலையை எப்படிச் செய்கிறார்கள் என்று பிறகு படித்தேன். அவர்கள் சுற்றிக் கட்டி முறுக்குவதில்லை. துளைக்கிறார்கள். கிளையின் குறுக்கே துளையிட்டு ஒரு இரும்புத் தண்டைச் செலுத்தி, இரு முனையிலும் தகடு வைத்துத் திருகாணி பூட்டுகிறார்கள். கவட்டிலிருந்து உச்சிக்கு மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில், கிளைக்குக் கிளை ஒரு எஃகுக் கயிறு. துளைத்த இடத்தில் மரம் தன் காயத்தைச் சுற்றி உள்ளேயே ஒரு சுவர் எழுப்பிக்கொண்டு பிழைத்துவிடுகிறது. சுற்றிக் கட்டியதிலிருந்து அதற்குத் தப்ப வழியில்லை.

இதைப் படித்த அன்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை. கட்டுவது பரிவாகவும் துளைப்பது கொடுமையாகவும் நமக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு முறை வலிக்கச் செய்துவிட்டு விலகி நிற்கிறவனைக் கல்நெஞ்சன் என்கிறோம். வலிக்காமல் சுற்றிக்கொண்டு நாளுக்கு நாள் இறுக்குகிறவனை உத்தமன் என்கிறோம். வேலை போன தம்பியிடம் "நீ சும்மா இரு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டிருந்த ஒரு அண்ணனை எனக்குத் தெரியும். தம்பி இப்போது தெருவில் நிமிர்ந்து நடப்பதில்லை. அண்ணன் தங்கமான மனிதர்.

தாங்குவது என்றவுடன் நமக்குப் பாரிதான் நினைவுக்கு வருகிறான். பற்றப் படர இடமின்றித் தவித்த முல்லைக்குத் தேரைக் கொடுத்துவிட்டு நடந்து போன வள்ளல். அவனைக் குறை சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. ஆனால் அவன் கைகொடுத்தது கொடிக்கு. சாய்வது கொடியின் இயல்பு. மரம் அப்படியல்ல. காற்றில் ஆடி ஆடித்தான் அது எங்கே வலு வேண்டுமோ அங்கே கட்டை சேர்த்துக்கொள்கிறது. இளங்கன்றை அசையவிடாமல் கம்போடு இறுக்கிக் கட்டினால் அது உயரத்தான் செய்யும், அடி பருக்காது. கம்பை எடுத்த மறுநாள் தலை கவிழ்ந்துவிடும். ஆகவே கயிறு கட்டுகிறவன் மரம் ஆடுவதற்கும் இடம் விட வேண்டும். கட்டிவிட்டுப் பாரியைப் போல நடந்து போய்விடவும் முடியாது. வருஷா வருஷம் வந்து பார்த்து, தளர்த்த வேண்டியதைத் தளர்த்த வேண்டும். நான் போகவில்லை. போனபோதெல்லாம் பலாச்சுளை தின்றுவிட்டு வந்தேன்.

ஆலமரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. கறையான் தின்ற ஆலை அதன் விழுதே தாங்கிக்கொள்வதை, தளர்ந்த தந்தையைத் தாங்கும் மகனுக்கு உவமையாக நாலடியார் சொல்கிறது. சென்னை அடையாற்றில் பிரம்மஞான சபைத் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் சாய்ந்தது, விழுதுகள் நின்றன. பலாவுக்கு விழுது ஏது? அதற்கு மனிதர்கள்தான் விழுதாக வேண்டும்.

எதுவரையில்? ஆம்ஸ்டர்டாம் நகரத்தில் ஒரு குதிரைச் செஸ்ட்நட் மரம் இருந்தது. நாஜிகளுக்கு அஞ்சி ஒளிந்திருந்த ஆன் பிராங்க் என்ற சிறுமி பரண் ஜன்னல் வழியே அதைப் பார்த்ததாகத் தன் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறாள். காளான் நோயால் உள்ளே இற்றுப்போன அதை வெட்டிவிட நகராட்சி முடிவு செய்தது. ஊர் எதிர்த்தது. 2008இல் அதைச் சுற்றி எஃகுச் சட்டம் நிறுத்தினார்கள். 2010 ஆகஸ்ட் 23ஆம் தேதி அடித்த காற்றில் மரம் முறிந்து விழுந்தது. எஃகுச் சட்டமும் அதோடு முறிந்தது. நல்லவேளை, யாருக்கும் காயமில்லை.

இதை முதலில் படித்தபோது வீண் வேலை என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. அந்த இரும்பு, மரத்துக்காக நிறுத்தப்பட்டது அல்ல. அந்தப் பெண்ணை மறக்க மாட்டாதவர்கள் தங்களுக்காக நிறுத்திக்கொண்டது. அதில் குற்றமில்லை. ஆனால் என் ஆசைக்காக நான் நிறுத்தி வைக்கிற மரம் இன்னொருவன் தலைமேல் நிற்கிறபோது, அந்த ஆசைக்கு விலை கொடுப்பது யார்? இந்தக் கேள்வியை நான் ஆண்டிமடத்தில் கேட்கவே இல்லை. பாயசம் குடித்துவிட்டு ஊர் திரும்பியவனுக்கு அது தோன்றவில்லை.

சித்திரையில் தோன்றியது. கொல்லைத் திண்ணையில் மூவரும் உட்கார்ந்திருந்தோம். நான் செய்த தவற்றைச் சொன்னேன். புதைந்த கம்பியைப் பிடுங்கினால் பட்டை கிழியும். வெளியே தெரிகிற துண்டுகளை மட்டும் வெட்டலாம், மேல் பாரத்தைக் கழிக்கலாம், தண்டு போட்டுக் கயிறு கட்டலாம், அப்படியும் உறுதி சொல்ல முடியாது என்றேன்.

"மரத்துக்கு நல்லதுன்னுதானே அம்மா இத்தனை நாள் வெட்ட விடலை" என்றான் தம்பி.

"மரத்துக்காக இல்லடா" என்றாள் பெரியம்மா. "எனக்காகத்தான். உங்கப்பா தண்ணி ஊத்தின மரம். நான் இருக்கிற மட்டும் நிக்கட்டும்னு ஆசை."

"விழுந்தா உன் பேரப் பிள்ளைங்க மேலதானேம்மா விழும்?"

அவள் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். பிள்ளைகளின் பாய், தலையணைகளைச் சுருட்டிக்கொண்டு வந்து கூடத்தில் போட்டாள். பிறகு தன் கட்டிலை இழுக்க ஆரம்பித்தாள். கயிற்றுக் கட்டில், அதிகப் பாரமில்லை.

"இனிமே அந்த அறையிலே நான் படுத்துக்கறேன்" என்றாள்.

தம்பி என்னைப் பார்த்தான். எனக்குச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை. கட்டிலின் மறு தலைப்பை அவனும் பிடிக்கவில்லை, நானும் பிடிக்கவில்லை. அவளாகவே இழுத்துக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது அவன் ஏணி போட்டு மரத்தில் ஏறி, ஒரு சணல் நூலால் கிளையின் பருமனை அளந்துகொண்டிருந்தான். இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டு நூலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஜயங்கொண்டத்து லேத் பட்டறைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.