யாருக்காவது ஜுரம் வரட்டும்

வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே பாபு ராவ் தெருவில் பத்து நிமிஷம் நடந்தால், இருப்பது தமிழ்நாட்டில்தானா என்று சந்தேகம் வந்துவிடும். போர்டுகளில் வங்காள எழுத்து. ஓட்டல் வாசலில் கடுகெண்ணெய் வாசனை. லாட்ஜில் சமைத்துச் சாப்பிட அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம் என்று எங்கிருந்தெல்லாமோ வந்து, கையில் எக்ஸ்ரே கவரோடு அலைகிறார்கள்.

1900-ல் ஐடா ஸ்கடர் என்ற அமெரிக்கப் பெண் டாக்டர் ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியசாலை இது. 1920-களில் ஊர் நடுவே தோட்டப்பாளையத்துக்கு வந்தது. அப்புறம் அது வளர வளர, தெருக்களும் அதற்கேற்ப மாறிக்கொண்டன.

நான் தங்கியிருந்த லாட்ஜின் முதலாளி சொன்னார்: "எங்கப்பா காலத்துல இது வீடு சார். கீழ ரெண்டு ரூம் வாடகைக்கு விட்டோம். இப்ப நாங்கதான் மொட்டை மாடி ரூம்ல இருக்கோம்."

கொஞ்ச நேரம் கழித்து, "காலையில சாமி கும்பிடறப்போ வியாபாரம் நல்லா நடக்கணும்னு வேண்டிக்கிறேன். அப்படீன்னா இன்னா அர்த்தம் சார்? யாருக்காவது ஜுரம் வரட்டும்னுதானே?" என்றார்.

இந்தக் கேள்விக்கு ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் வயசு. ஏதென்ஸில் சவ அடக்கத்துக்கான சாமான் விற்ற ஒருவனுக்கு, டெமடீஸ் என்பவர் தண்டனை வாங்கிக் கொடுத்தாராம். பெரிய லாபத்துக்கு ஆசைப்பட்டானே, நிறையப் பேர் சாகாமல் அது எப்படிக் கிடைக்கும் என்பது வாதம். ரோமானிய தத்துவ ஞானி செனகா இதை எடுத்துப்போட்டு அலசுகிறார். நிறைய விற்க ஆசைப்பட்டானா, நல்ல விலைக்கு விற்க ஆசைப்பட்டானா, யார் கண்டது? அப்படிப் பார்த்தால் சண்டையை எதிர்பார்க்கும் சிப்பாய், விலை ஏறட்டும் என்று காத்திருக்கும் விவசாயி, எல்லோரையும் அல்லவா பிடித்து உள்ளே போடணும்? வைத்தியர்களையும் சேர்த்துத்தான்!

எனக்கு என்னவோ வேண்டுதலில் பாவம் இருப்பதாகத் தோன்றவில்லை. ஜுரம் இவர் கேட்டு வருவதில்லை. வந்தவரிடம் என்ன ரேட் சொல்கிறார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நோயாளி பேரம் பேச முடியாத கஸ்டமர். அடுத்த ஊர் போய்ப் பார்க்கிறேன் என்று எழுந்து போக அவரால் முடியாது.

2020 மார்ச்சில் ரயில்கள் நின்றபோது அப்படித்தான் ஏராளமான வடக்கத்திக் குடும்பங்கள் வேலூரில் மாட்டிக்கொண்டன. மே மாதம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் விட்டார்கள். "அதுவரைக்கும் வாடகை?" என்று கேட்டேன்.

"மொத மாசம் வாங்கினேன் சார். பொய் சொல்ல மாட்டேன். அப்புறம் கேக்க வாய் வரல."

2022-ல் ராணிப்பேட்டை பக்கம் நெடுஞ்சாலை ஓரமாகப் பெரிய புது வளாகம் திறந்து, பல துறைகள் அங்கே போய்விட்டன. ஆம்புலன்ஸ் வேலூர் நெரிசலில் திணற வேண்டாம். நல்லதுதான். ஆஸ்பத்திரி இருப்பது லாட்ஜ்களுக்காக அல்ல. ஆனாலும், இத்தனை வருஷம் அந்த ஆஸ்பத்திரிக்குச் சமையல்கட்டாகவும் திண்ணையாகவும் இருந்தவை இந்தத் தெருக்கள்தானே? அந்தக் கணக்கை எந்தப் பேரேட்டில் எழுதுவது என்று எனக்கு விளங்கவில்லை. முதலாளிக்கும் விளங்கவில்லை. "கோபப்படவும் முடியல சார், நோயாளிக்கு நல்லதுன்றாங்க" என்றார்.

பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு குடும்பம் பெட்டிகளோடு வந்து நின்றது. முதலாளி சரளமான வங்காளியில் ரேட் சொன்னார். போர்டில் இருந்த அதே ரேட். ஒரு ரூபாய் குறைக்கவில்லை. பையனைக் கூப்பிட்டு, "மாடி வேணாம்டா, கீழ ரூமைக் குடு. அந்தம்மா கால் தாங்கித் தாங்கி நடக்குது பாரு" என்றார்.