சாரலை நம்பி வாழ்ந்த புல்

1919-ஆம் ஆண்டு, கர்நாடகத்தின் கெருசொப்பா அருவிப் பகுதியில் செட்ஜ்விக், பெல் என்ற இருவர் ஒரு சிறு புல்லைச் சேகரித்தார்கள். மென்மையான தண்டு கொண்டது. அருவிச் சாரல் ஓயாமல் நனைக்கும் பாறைச் சுவர்தான் அதற்கு வீடு. பின்னாளில் போர் என்ற புல்லியல் அறிஞர் அதற்கு ஹப்பார்டியா ஹெப்டநியூரான் என்று பெயரிட்டார். அதன் பிறகு அருவியில் தேடியவர்கள் கண்ணில் அது படவேயில்லை. அற்றுப்போன இனம் என்றே முடிவுகட்டினார்கள்.

அந்தப் புல்லை யாரும் வெட்டவில்லை, தீ வைக்கவில்லை. அருவிக்கு வரும் ஷராவதி ஆற்று நீர் மின்சாரத்துக்குத் திருப்பப்பட்டது. 1964-இல் லிங்கனமக்கி அணையும் வந்தது. அருவி மெலிந்தது, சாரல் குறைந்தது. அந்த மின்சாரத்தில் விளக்கேற்றிய எவருக்கும் கீழே பாறையில் ஓர் உயிர் காய்வது தெரிந்திருக்காது. தெரியாமல் செய்யும் கேட்டைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். அதற்குக் குற்றவுணர்ச்சி கிடையாது. ஆகவே நிறுத்தவும் தோன்றாது.

அப்படிப்பட்ட கேடு எங்கள் ஓசூர்ப் பக்கமும் உண்டு. தேன்கனிக்கோட்டைக் காட்டோரம் நடந்து பாருங்கள். எங்கோ அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட உண்ணிச்செடி ஆளுயரத்துக்குப் புதராய் அடைத்துக் கிடக்கிறது. விலக்கிக் கீழே பார்த்தால் வெறும் சருகும் மண்ணும்தான். அந்த நிழலில் நாட்டுப் புல் தலையெடுப்பதில்லை. ராகி முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி வழியாக யானைக் கூட்டம் இறங்குகிறது. விவசாயி குளிரில் பரண்மேல் கண்விழித்துக் கிடக்கிறார். யானை வருவதற்குப் புல் குறைந்தது ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். வழித்தடமெல்லாம் மனையாகவும் ஆலையாகவும் மாறிவருகிறது. ஆனால் காட்டில் மேய்ச்சல் இல்லாத விலங்கு வயலைத் தேடாமல் என்ன செய்யும்?

ஆலையும் மின்சாரமும் வேண்டாம் என்பது என் வாதமன்று. ஓசூர் ஆலைச் சம்பளத்தில் அடுப்பெரியும் வீடுகள் இங்கே ஏராளம். நம் பங்கை எடுக்கும்போது அது யாருடைய பங்கிலிருந்து வருகிறது என்று கேட்பது அறம். கேட்டால், ஆற்றில் கொஞ்சம் நீர் விடவும், மேய்ச்சல் நிலத்தில் கொஞ்சம் விட்டுவைக்கவும் மனம் வரும்.

கெருசொப்பாவில் காணாமல் போன அந்தப் புல்லை, மகாராஷ்டிரத்தின் தில்லாரி மலைப்பகுதியில் எஸ்.ஆர். யாதவ் குழுவினர் மீண்டும் கண்டுபிடித்து, 2003-இல் அறிவித்தார்கள். எல்லாப் புல்லுக்கும் இப்படி இரண்டாம் வாய்ப்பு அமையாது. உங்கள் ஊர் ஏரிக்கரையிலும் மேய்ச்சல் புறம்போக்கிலும் இன்னும் நாட்டுப் புல் முளைக்கிறதென்றால், அங்கே கட்டடக் கழிவைக் கொட்ட விடாதீர்கள். உண்ணிச்செடி தலைகாட்டினால் பழுக்கும் முன்பே வேரோடு பிடுங்குங்கள்.