வாளோடு வந்த மொழி

1941ஆம் ஆண்டு டிசம்பரில் பினாங்கு ஜப்பானியர் வசமாயிற்று. குண்டுகள் விழுந்த நகரில் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது, ஆங்கிலம் இருந்த இடத்தில் ‘நிப்பொன் கோ’ அமர்ந்திருந்தது. பிள்ளைகள் கீழ்த்திசை நோக்கி வணங்கி, பொருள் விளங்காத பாட்டைப் பாடினர். தீவுக்கே தோஜோவின் பெயரைச் சூட்டினர் ஆட்சியாளர். தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழரில் பல்லாயிரவர் திரும்பவேயில்லை. அம்மொழியை இன்று அவர்தம் வழிவந்தோர் பணம் கட்டிப் பயில்கின்றனர். இது தகுமா?

வினா எளிதன்று. 1972இல் தொடங்கிய பாயான் லெப்பாஸ் தொழில் வட்டாரத்தில் ஜப்பானிய ஆலைகளும் இடம்பெற்றன. 1982இல் மலேசியா ‘கிழக்கு நோக்கும் கொள்கை’யை மேற்கொண்டு மாணவரை ஜப்பானுக்கு அனுப்ப முற்பட்டது. வயிற்றுப்பாடும் ஒரு காரணம் என்பதை மறைப்பானேன்? ஆயினும் வயிற்றை மட்டும் நம்பிக் கற்பவன் நெடுந்தொலைவு செல்லான். ‘கஞ்சி’ என்னும் பெயர் கேட்டு முதல்நாள் நகைப்பவன், அது சீன வடிவெழுத்தின் பெயர் என்றும், அன்றாட வாசிப்புக்கென வகுக்கப்பட்டவையே 2136 என்றும் அறிந்ததும் நகைப்பை நிறுத்திவிடுவான். ஓரெழுத்துக்கே இடத்திற்கேற்பப் பல ஒலிப்பு வேறு. 247 எழுத்தை மிகுதி என முணுமுணுக்கும் மாணவனுக்கு நம் நெடுங்கணக்கின் அருமை விளங்குமிடம் அதுவே.

இலக்கணமோ அத்துணை அயலானதன்று. வினை இறுதியில் நிற்கிறது. உருபு பெயரின் பின்னே வருகிறது. பிறர் கூற்றை எடுத்துரைக்க நமக்கு ‘என்று’ இருப்பதுபோல் அவர்க்குத் ‘தொ’ இருக்கிறது. இன்னும் வியப்பு ஒன்றுண்டு. கொரே, சொரே, அரே, தொரே என்னும் நான்கும் இது, உது, அது, எது என்பவற்றோடு வரிசையாகப் பொருந்துகின்றன. யாழ்ப்பாணத்தார் நாவில் இன்றும் வாழும் உகரச்சுட்டு, இங்குள்ள பிள்ளைக்கு நூற்பாவாக மட்டுமே தெரியும். அதன் பயனை ஜப்பானிய வகுப்பு உணர்த்துகிறது! பேராசிரியர் சுசுமு ஓனோ இருமொழிக்கும் உறவுண்டு என வாதிட்டார். மொழியியலார் பெரும்பாலோர் அதனை ஏற்கவில்லை. பெருமைக்காக அதனை முடிந்த முடிபென மாணவர்க்குப் போதிப்பது ஆசிரியர்க்கு அழகன்று.

பழைய வினா இன்னும் நிற்கிறது. குற்றம் புரிந்தோர் ஆண்டவரே, மொழியன்று என்பது பாதி விடைதான். அன்று மொழியே பணியவைக்கும் கருவியாயிற்று. ஆனால் அன்றைய பிள்ளைக்கு மறுக்கும் உரிமை இல்லை. இன்றைய மாணவன் விரும்பி வந்து அமர்கிறான். வேண்டாவிடில் எழுந்து செல்லலாம். அவ்வுரிமையோடு கற்கும் மொழி பணிவின் அடையாளம் ஆகாது. பாட்டன் பட்டதை மறந்து கற்பதுதான் பழுது. மறவாமல் கற்றவனோ, ஜப்பானிய மாணவன் ஒருவனிடம் அந்த இரயில்பாதையைப் பற்றி அவன் மொழியிலேயே கேட்கக்கூடும்.

காஞ்சனபுரியில் 1944இல் ஜப்பானியப் படையினர், பாதை அமைக்கையில் மாண்டோர்க்கென ஒரு நினைவுச்சின்னம் எழுப்பினர். அதில் தமிழிலும் எழுதியிருக்கிறது.