பொறுக்குகிறவர்கள்

விற்பதும் வாங்குவதும் இல்லாத ஊருக்குப் போவதற்காக நான் வாங்கிய சாமான்களின் ரசீதை மனைவி மேசைமேல் நீட்டி வைத்துப் படித்தாள். தண்ணீர் கேன்கள், தூசிக் கண்ணாடி, முகத்தில் கட்டும் துணி, கூடாரம் அடிக்க இரும்பு முளைகள், சைக்கிளில் சுற்ற விளக்குச் சரம், கால் கழுவ இரண்டு பாட்டில் வினிகர்.

"வியாபாரமே இல்லாத ஊருக்குப் போறதுக்கு இவ்ளோ வியாபாரமா?" என்றாள்.

2019 ஆகஸ்ட். பர்னிங் மேன் விழாவுக்கு நான் போனது அந்த ஒரே ஒரு முறைதான். நுழைவுச்சீட்டு 425 டாலர். அது அந்த ரசீதில் சேராது. சான் ஹோசேயில் என்னோடு வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் அந்த விழாவைக் கோயிலைப்போலப் பேசுவார்கள், மீதிப் பேர் பணக்காரர்களின் மாறுவேடப் போட்டி என்பார்கள். இரண்டு பேச்சையும் கேட்டுக் கேட்டு, பார்த்துவிட்டாவது பேசுவோம் என்று கிளம்பினேன். பார்த்துவிட்டு வந்த பிறகும் எந்தப் பக்கமும் சேர முடியவில்லை.

ஆரம்பம் எளிமையானது. 1986 ஜூனில், ஆண்டின் மிக நீண்ட பகல் வரும் நாட்களில், சான் பிரான்சிஸ்கோவின் பேக்கர் கடற்கரையில் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் கட்டைகளை ஆணியடித்துச் செய்த எட்டடி மனித உருவம் ஒன்றைக் கொளுத்தினார்கள். வேடிக்கை பார்த்தது இருபது பேர் இருக்கும். அடுத்த ஆண்டும் கொளுத்தினார்கள். 1990-இல் போலீஸ் தடுத்தது. அந்த ஆண்டே எரிப்பு நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனத்துக்கு இடம் மாறியது. அந்த உருவத்துக்கு இதுதான் அர்த்தம் என்று ஹார்வி எதையும் அறுதியாகச் சொல்லி வைக்கவில்லை. 2018-இல் இறந்தும் போனார். நம் ஊரில் கார்த்திகைக்குச் சொக்கப்பனை கொளுத்தினால் அதற்குச் சொல்ல ஒரு கதை உண்டு. இங்கே கதை கிடையாது. எரிகிறது, அவ்வளவுதான். நான் போன ஆண்டு அதைப் பார்க்க வந்தவர்கள் 80,000 பேருக்குச் சற்றே குறைவு.

அவர்கள் தங்குவதற்கு, வற்றிப்போன ஏரியின் வெள்ளைப் படுகைமேல் ஒரு நகரம் முளைக்கிறது. கடிகாரத்தின் முகத்தைப்போல வட்டம். நடுவிலிருந்து விரியும் தெருக்களுக்கு மணிதான் பெயர். "ஏழரை மணித் தெருவில் வா" என்றால் வழி புரிந்துவிடும். ஐஸ்கட்டி போன்ற ஓரிரண்டு தவிர உருப்படியாக எதையும் காசுக்கு வாங்க முடியாது. மூன்றாம் நாள் என் சைக்கிள் டயர் பஞ்சரானது. ஒரு கூடாரத்தில் தாடிக்காரர் ஒருவர் ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தைக் கழற்றி, ஒட்டி, காற்றடித்துத் தந்தார். என் கை தானாகக் கால்சட்டைப் பைக்குப் போனது. பை காலி. அவர் அதைக் கவனித்துச் சிரித்தார். அந்தக் கணத்தில் நான் பட்ட கூச்சம் கொஞ்சநஞ்சமல்ல. கொடுப்பது எளிது, சும்மா வாங்கிக்கொள்வதுதான் கடினம் என்று அங்கேதான் தெரிந்தது. மொய் நோட்டில் பெயரெழுதி, திருப்பிச் செய்யவேண்டிய தொகையை மனப்பாடமாக வைத்திருக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான்.

அந்தத் தாடிக்காரரை நினைத்தால் விழாவை மன்னிக்கத் தோன்றுகிறது. ஆனால் அவருக்கு இரண்டு தெரு தள்ளி, குளிர்சாதன வண்டிகளை அரண்போல நிறுத்தி, உள்ளே சம்பளத்துக்குச் சமையல்காரர் வைத்துக்கொண்ட முகாம்களும் இருந்தன. பாலைவனத்திலேயே தற்காலிக விமானத்தளம் உண்டு. சிலர் தரையில் கால் படாமலே வந்து சேர்கிறார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்குக்கும் இந்த விழாவுக்கும் உள்ள உறவு பழையது: 1998-இல் கூகுள் தன் முகப்பு எழுத்தில் முதன்முதலாகப் படம் சேர்த்ததே, நிறுவனர்கள் இருவரும் பர்னிங் மேனுக்குப் போயிருக்கிறார்கள் என்று சொல்வதற்குத்தான். பெரும்பணம் வாங்கிக்கொண்டு சொகுசு முகாம் நடத்திய ஒரு கூட்டத்தை 2019-இல் அமைப்பாளர்கள் வரவேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். போகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் வெள்ளையர். என் நிறத்தில் ஒரு முகம் தென்பட்டால் இருவரும் தலையசைத்துக்கொண்டோம்.

பணக்காரர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று அங்கே பழையவர்கள் புலம்புவதைக் கேட்டேன். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பணக்காரர்கள் சமையல்காரரை வாங்கினார்கள், நான் வினிகரை வாங்கினேன், வித்தியாசம் தொகையில்தான். அங்கே கை மாறுகிற கொடைகளில் பலவும் ரீனோ நகரத்துக் கடைகளில் முந்தின வாரம் காசு கொடுத்து வாங்கப்பட்டவை. சந்தையைத் துறந்த ஊர் அது என்பது மிகை. சந்தையை வாசலில் செருப்போடு கழற்றி விட்டுவிட்டு வந்த ஊர், அவ்வளவே. திரும்பும்போது எல்லோரும் மாட்டிக்கொள்கிறோம்.

இந்த ஏளனத்தோடேயே ஊர் திரும்பியிருப்பேன், அங்கே ஒரு கோயில் இல்லாதிருந்தால்.

2000-இல் டேவிட் பெஸ்ட் என்ற சிற்பி, மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த நண்பருக்காக அங்கே மரத்தால் ஒன்று கட்டினார். அதன்பின் விழா நடக்கிற ஆண்டெல்லாம் ஒரு கோயில் எழும்பி, ஒரு வாரம் நின்று, சாம்பலாகிறது. சாமி கிடையாது, பூசாரி கிடையாது. நான் பார்த்தது நீளமான வரிசையாக மர வாசல்கள். பலகையில் கை எட்டும் உயரம் வரை எழுத்து. புகைப்படங்கள், நாயின் கழுத்துப்பட்டை, ஆஸ்பத்திரியில் குழந்தையின் மணிக்கட்டில் கட்டும் பிளாஸ்டிக் பட்டி. ஒரு தூணில் சின்ன எழுத்தில், யார் யாருக்கு எழுதியது என்று தெரியாமல், "நீ செத்ததில் எனக்கு வருத்தமில்லை" என்ற பொருளில் ஒரே ஒரு வரி. அதை எந்தத் துக்க வீட்டிலும் சொல்ல முடியாது. எந்தக் கல்லறையிலும் பொறிக்கவும் முடியாது. அதற்கும் ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த மனிதர் பாலைவனம் வரை தூக்கிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார்.

சனிக்கிழமை இரவு மனித உருவம் எரிந்தபோது வாணவேடிக்கை, கூச்சல், ஆட்டம். ஞாயிறு இரவு கோயில் எரிந்தபோது அத்தனை ஆயிரம் பேர் தரையில் உட்கார்ந்திருந்தோம். மரம் வெடிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. நான் அழவில்லை. ஆனால் பக்கத்தில் அழுதவரிடமிருந்து நகர்ந்து உட்காரவும் இல்லை. எனக்கு அதுவே புதிது.

திங்கட்கிழமை காலை எங்கள் முகாமில் ஆறு பேர் கை எட்டும் தூரத்தில் வரிசையாக நின்றோம். குனிந்த தலையோடு ஓரடி, பிறகு ஓரடி. பிஸ்தா ஓடு, சட்டையிலிருந்து உதிர்ந்த ஜிகினா, ஓர் ஆணி, பிளாஸ்டிக் கட்டு ஒன்றின் வெட்டிய நுனி. அந்த மண்ணுக்குச் சொந்தமில்லாத எதுவும் அவர்கள் பாஷையில் 'மூப்'. எல்லோரும் போன பிறகு ஒரு குழு தங்கி, வாரக்கணக்கில் நகரம் முழுவதையும் இப்படியே நடந்து பொறுக்குகிறது. அது மத்திய அரசின் நிலம். பிறகு அரசு நில அதிகாரிகள் வந்து அங்கங்கே சோதிப்பார்கள்: மிஞ்சிய குப்பை ஏக்கருக்குச் சராசரி ஒரு சதுர அடிக்கு மேல் போகக்கூடாது. நம் மொழியில் 'பொறுக்கி' என்பது வசவு. அந்த ஊரில் நான் மதிக்கிற ஒரே கூட்டம் அப்படிப் பொறுக்குகிறவர்கள்தான்.

2004-இல் ஹார்வி எழுதிவைத்த கொள்கைகள் பத்து. எல்லோரையும் சேர்த்துக்கொள், கொடு, வணிகம் கலக்காதே, உன்னை வெளிப்படுத்து என்று போகும். இவற்றை வைத்து இரவெல்லாம் வாதாடலாம். எந்தக் கோடீஸ்வரனும் தான் கடைப்பிடிப்பதாகச் சொல்லிக்கொள்ளலாம். 'தடம் விடாதே' என்ற ஒன்றைத்தான் தரையில் மண்டியிட்டு, அளவுகோல் வைத்து அளக்க முடிகிறது. விடுதலை பேசுகிற எந்தக் கூட்டத்தையும் இப்போது நான் இப்படித்தான் பார்க்கிறேன்: மறுநாள் காலையில் யார் குனிகிறார்கள்?

அந்த அளவுகோலும் நகர எல்லையோடு நின்றுவிடுகிறது என்பது வேறு விஷயம். விழாவின் கார்பன் புகையில் பெரும்பங்கு அவ்வளவு பேர் காரிலும் விமானத்திலும் வந்து போவதில்தான் கிளம்புகிறது; அதை எந்தக் குச்சியாலும் பொறுக்க முடியாது. 2023-இல் இதைச் சொல்லித்தான் சில போராட்டக்காரர்கள் சாலையை மறித்தார்கள். அதே ஆண்டு மழை பெய்து படுகை சேறாகி, பல்லாயிரம் பேர் வெளியேற முடியாமல் மாட்டிக்கொண்டதும், சிலர் வண்டியையே விட்டுவிட்டுப் போனதும் செய்தியில் வந்தன.

நாங்கள் திரும்பிய சாலை பையூட் பழங்குடியினரின் நிலத்தின் வழியே போகிறது. ஓரத்தில் ஒரு பாட்டியும் பேரனும் அட்டையில் எழுதி வைத்திருந்தார்கள்: குப்பைப் பை ஒன்றுக்கு இத்தனை டாலர். எங்கள் பைகளை இறக்கினோம். என் கை மறுபடி கால்சட்டைப் பைக்குப் போனது. இந்த முறை பர்ஸ் இருந்தது. பாட்டி நோட்டை எண்ணி வாங்கினார். கூச்சமே இல்லாத, நேரான கொடுக்கல் வாங்கல்.

காரின் ஏசியிலிருந்து மாசக்கணக்கில் அந்த வெள்ளைத் தூசி வந்துகொண்டிருந்தது. துப்புரவுக் குழு ஆண்டுதோறும் நகரத்தின் வரைபடம் ஒன்று வெளியிடும்: சுத்தமாக விட்டுப்போன இடம் பச்சை, சுமார் மஞ்சள், மோசம் சிவப்பு. நான் போன ஆண்டின் படம் வந்ததும் மனைவியை அழைத்துப் பெருமையாகக் காட்டப்போனேன். எங்கள் முகாம் இருந்த இடம் மஞ்சள்.